மலைநகரில் இரண்டு நாட்கள்

பரீட்சைத் தாள்கள் திருத்தி முடிந்து, தவணை விடுமுறை நெருங்கும் வேளையில், நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இந்த முறை எங்கை போவம்?" என்பதே அது. கதிர்காமம் என்பார் ஒருவர். திருகோணமலை என்பார் மற்றொருவர். பிள்ளைகள் மட்டும் ஒரே குரலில், "நுவரெலியா!" என்பர். வடபுலத்து வெயிலில் வளரும் பிள்ளைகளுக்குக் குளிர் என்பது கேள்வியால் அறிந்த பொருள். வாயைத் திறந்தால் மூச்சுப் புகையாக வெளிப்படும் ஊர் ஒன்று இந்நாட்டிலேயே உண்டு என்று கேட்டபின் அவர்களை அடக்குதல் அரிது.

அத்தகைய பேச்சு எழும் இல்லங்களுக்குப் பயன்படுமாறு, வார இறுதியின் இரண்டு நாட்களை நுவரெலியாவிற் கழிக்கத் திட்டம் வகுக்கும் முறையை இங்கே எழுதப் புகுந்தோம். நாம் குடும்பத்தோடு இருமுறை அங்கு சென்றோம். முதன்முறை வகுத்த திட்டம் பிழையானது. அப்பிழை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. இரண்டாம் முறை ஓரளவு சரியாக நடந்துகொண்டோம். இரண்டையும் உள்ளபடி கூறுவோம்.

ஊரும் வரலாறும்

போகும் ஊரைப்பற்றிச் சிறிதேனும் அறிந்து செல்லுதல் நன்று. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகால மலையின் அடிவாரத்தில் அமைந்தது. அச்சிகரத்தின் உயரம் 8,281 அடி. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேட் பான்ஸ் இங்குத் தமக்கென ஒரு மாளிகை கட்டுவித்தார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அம்மாளிகையிலிருந்து விரிந்ததே.

இவ்வூரைக் குடியிருப்பாக்க முயன்றவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். வேட்டைக்கென இலங்கை வந்த அவர், காய்ச்சலால் நலிந்து, உடல் தேறுவதற்காக இம்மலைக்கு ஏறினார். இரண்டு வாரங்களிற் குணமடைந்தார். உடனே இங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைத்துவிடலாம் என்று திட்டமிட்டு, 1848ஆம் ஆண்டளவில் கொல்லன், பண்ணைக் கண்காணி, பசுக்கள், செம்மறிகள், கலப்பைகள் என அனைத்தையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. மலைதான் அத்திட்டத்தைப் படித்திருக்கவில்லை! அவர் நட்ட உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன. விதைத்த பயிரைக் காட்டு விலங்குகள் அழித்தன. ஆயினும் மனந்தளராது சில ஆண்டுகள் உழைத்து, 1855இல் ஊர் திரும்பினார். இன்று உருளைக்கிழங்கு, கறட், லீக்ஸ், கோவா ஆகியவை இம்மலைச் சரிவுகளில் மிகுதியாக விளைவதைக் காண்போர், பேக்கரை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம்.

1861இல் ஹக்கலையில் ஒரு தோட்டம் தொடங்கப்பட்டது. காய்ச்சல் மருந்தாகிய குயினைன் தரும் சின்கோனா மரத்தை வளர்ப்பதே அதன் முதல் நோக்கம். இன்று அது புகழ்பெற்ற தாவரவியற் பூங்கா. 1873இல் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்திற் சதுப்பு நிலம் வாவியாக்கப்பட்டது. அவர் பெயரே வாவிக்கும் வழங்குகின்றது. நகர நடுவிலுள்ள செங்கல்லாலான தபாற் கந்தோர் 1894இற் கட்டப்பெற்றது. அதற்கருகிலுள்ள விக்டோரியாப் பூங்கா 1897இல் மகாராணியாரின் அறுபதாம் ஆட்சியாண்டின் நினைவாகப் பெயர்பெற்றது.

இவ்வளவும் வழிகாட்டி நூல்களிற் காணப்படுவனவே. இவற்றுட் காணப்படாத ஒரு வரலாறும் உண்டு. அதனை நாம் பின்னரே கேட்டறிந்தோம்.

முதற் பயணம்

2014ஆம் ஆண்டு ஏப்பிரலில் நாமும் எம் மனைவியாரும், தம்பியும் அவர் மனைவியாரும், எம் பெற்றோரும், சிறுமியாயிருந்த மகளுமாக ஒரு வானில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். ஆசிரியராகிய எமக்கு நேரசூசி எழுதுவதில் ஒரு பற்று உண்டு. சனி, ஞாயிறு இரண்டையும் மணிக்கணக்காகப் பிரித்து, பதினொரு இடங்களை அவற்றுள் அடக்கி, அழகிய கையெழுத்தில் எழுதி, சாரதிக்கும் ஒரு பிரதி கொடுத்தோம்.

எம் தாயாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. புறப்படுமுன் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, அந்தச் சீதையம்மன் கோவிலுக்கும் போவமோ?"

"ஓம் அம்மா, அதுவும் இருக்கு" என்றோம். உண்மையில் இருந்தது, பட்டியலின் பதினோராவது இடமாக இருந்தது.

ஞாயிறு அதிகாலை ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். உலக முடிவு என்னும் பெருஞ் சரிவைக் கண்டு, சுற்றி வருவதற்கு ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நடத்தல் வேண்டும். மகளை மாறிமாறித் தோளிற் சுமந்து நாம் நடந்தோம். தாயாரால் நடக்க இயலாது. ஆகவே அவரும் தந்தையாரும், கம்பளியாற் போர்த்துக்கொண்டு, நான்கு மணி நேரம் வானுக்குள் இருந்தனர். திரும்பி வந்த நாம் அவருக்குப் படங்களைக் காட்டினோம்! அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்ல வடிவாய் இருக்கு" என்றார்.

ஏப்பிரல் என்பது நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்ட மாதம். குதிரைப் பந்தயமும் மலர்க்காட்சியுமாக நாட்டின் எல்லாத் திசையினரும் அங்கே கூடுவர். வாவிக் கரையிற் படகுக்கு வரிசை. வீதியில் வாகன வரிசை. பந்தயத் திடலுக்கருகில் ஒரு மணி நேரத்திற்கு மேல் அசையாது நின்றோம். இறுதியாகச் சீத்தா எலியவை அடைந்தபோது மாலை மங்கி, மூடுபனி இறங்கி, கோவிற் கதவு சாத்தப்பட்டிருந்தது. தாயார் வீதியோரத்தில் நின்று, பனிக்குள் மங்கலாகத் தெரிந்த கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினார். அருகே ஓடும் அருவியின் ஓசை மட்டுங் கேட்டது.

"பரவாயில்லை தம்பி, அடுத்தமுறை வருவம்" என்றார்.

அடுத்த ஆண்டு ஆவணியில் அவர் காலமானார்.

பதினொரு இடங்களுட் பத்தைக் கண்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்தில் எதுவும் இன்று தெளிவாக நினைவில் இல்லை. சாத்தப்பட்ட கதவொன்றே நினைவில் நிற்கின்றது.

இரண்டாம் திட்டம்

பத்தாண்டுகள் கழிந்தன. மகள் உயர்தர வகுப்பிற்கு வந்துவிட்டாள். பின் பிறந்த மகனுக்கு வயது பத்து. 2025 பெப்ரவரியில் மீண்டும் நுவரெலியாப் பேச்சு எழுந்தது. இம்முறை நாம் பேனாவை எடுக்கவில்லை. இராச் சாப்பாட்டின்பின் எல்லோரையும் இருத்தி, "ஒவ்வொருவரும் ஒரேயொரு விருப்பத்தைச் சொல்லவேண்டும், மற்றவை எல்லாம் விடப்படும்" என்றோம்.

மகன், "வள்ளத்திலை போகவேணும்" என்றான். மகள், அந்தச் செங்கற் தபாற் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் போடவேண்டும் என்றாள். மனைவியார், "ஒரு நாளாவது அவசரமில்லாமல் பூ மரங்களுக்கை நடந்து திரிஞ்சாற் போதும்" என்றார். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கொம்மா வெளியிலை நிண்ட கோவிலுக்குள்ளை ஒருக்காப் போகவேணும்" என்றார்.

நான்கு விருப்பங்கள், இரண்டு நாட்கள். திட்டம் தானாகவே அமைந்துவிட்டது. மூத்தவரின் விருப்பத்தை முதலில் வைப்பது என்றும், மலையிற் காலை வேளையே தெளிவானது என்பதால் அதனைக் காலையிலேயே நிறைவேற்றுவது என்றும் தீர்மானித்தோம். நண்பகலுக்குப் பின் முகிலும் பனியும் மலைச்சரிவுகளை மூடிக்கொள்ளுதல் அங்கே இயல்பு. ஆகவே எதை இழக்க மனம் ஒவ்வாதோ அதனைக் காலையில் வைத்தல் வேண்டும். முதற் பயணத்தில் நாம் செய்தது இதற்கு நேர்மாறு.

வெள்ளி இரவு புறப்பட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 வீதி வழியாக 321 கிலோமீற்றர். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என ஊர்கள் உறக்கத்திற் கழிந்தன. கண்டியிற் காலைக்கடன் முடித்து, கட்டிச் சென்ற இடியப்பத்தையும் சம்பலையும் உண்டு, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மலையேறினோம். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீற்றருக்குக் குறைவே. ஆயினும் வளைவுகளின் காரணமாக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளல் வேண்டும். வயிற்றை நிரப்பிக்கொண்டு இவ்வளைவுகளில் ஏறுதல் ஆகாது. முதன்முறை தம்பி மனைவியார் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

சனி நண்பகலில் விடுதியை அடைந்து, தந்தையாரை ஓய்வெடுக்கச் செய்தோம். மாலையில் மகன் வள்ளத்தில் ஏறினான். மகள் கடிதம் போட்டாள். விக்டோரியாப் பூங்காவில் எல்லோரும் இருட்டும்வரை ஆறுதலாக இருந்தோம். மாரிகாலத்தில் இமயமலைப் பக்கத்திலிருந்து வலசைவரும் சிறு பறவைகளை அங்கே காணலாம். மகன் அவற்றின் பின்னே ஓடினான். மனைவியார் அவன் பின்னே ஓடவில்லை என்பதே அன்றைய சிறப்பு.

கோவில் வாசலில்

ஞாயிறு காலை பனி உருகி வெயில் தெளிந்தபோது சீத்தா எலியவை அடைந்தோம். நகரிலிருந்து பதுளை வீதியிற் சில கிலோமீற்றர் தூரத்தில், ஹக்கலைப் பூங்காவுக்குச் சற்று முன்னே, வீதியோடொட்டி அமைந்தது அக்கோவில். அசோகவனத்திற் சீதை சிறையிருந்த இடம் அது என்பது மக்கள் நம்பிக்கை. அருவியோரப் பாறையிலுள்ள குழிகளை அனுமனின் பாதச்சுவடுகள் என்பர். 2024 மே மாதத்தில் அங்கு கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. தந்தையார் உட்சென்று நெடுநேரம் நின்றார். அவர் என்ன வேண்டினார் என்று நாம் கேட்கவில்லை.

வெளியே வந்து அருவிக் கரையில் அமர்ந்தோம். வேறெங்கும் ஓடவேண்டியிருக்கவில்லை. அருகில், ஞாயிறு விடுமுறையாதலால் பேரப்பிள்ளையுடன் கோவிலுக்கு வந்திருந்த முதிய தோட்டத்துப் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். தந்தையாரின் பேச்சைக் கேட்டு, "யாழ்ப்பாணமுங்களா ஐயா? எப்ப பொறப்பட்டீங்க?" என்று வினவினார்.

"வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, விடியக் கண்டிக்கு வந்திட்டம்" என்றார் தந்தையார்.

"ஒரே ராத்திரியிலயா!" என்று அவர் வியந்தார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் இராமநாதபுரத்துச் சீமையில இருந்து வந்தவங்களாம். மன்னாருல எறங்கி, காட்டு வழியா நடந்தே மாத்தளைக்கு வந்தாங்களாம். வழியில காய்ச்சல் கண்டு விழுந்தவங்கள அங்கங்கேயே விட்டுட்டு வந்தாங்கன்னு எங்க ஆயா சொல்லும்."

எம் மகள் நிமிர்ந்து, "அப்பா, நாங்களும் மாத்தளையாலைதானே வந்தனாங்கள்?" என்றாள்.

ஆம், தம்புள்ளையிலிருந்து மாத்தளைவரை நாம் உறங்கிக்கொண்டு வந்த அதே திசையிலேதான் அம்மக்கள் கால்நடையாக வந்தனர். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யவென வந்தவர்கள் அவர்கள். 1869இற் கோப்பி இலையிற் பரவிய நோய் அப்பயிரை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை மலைநாடெங்கும் பரவியது. காடு வெட்டியவரும், வீதி போட்டவரும், கொழுந்து பறித்தவரும் அவர்களே. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் எஸ். தொண்டமான் வெற்றி பெற்றார். அம்மக்களின் வாக்கே அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால், அவர்களுட் பெரும்பாலார் எந்நாட்டுக்கும் உரிமையற்றவராயினர். 1964இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கு ஒழுங்கு செய்தது. எஞ்சியிருந்தோரின் நிலை சட்டத்தால் முற்றாகத் தீர்க்கப்பட்டது 2003இலேதான்.

இவற்றை நாம் வகுப்பிற் படிப்பித்தவர். ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதியவர். ஆயினும் அவ்வரலாற்றை உடையவர் ஒருவருடன் அமர்ந்து பேசியது அன்றே முதன்முறை. அதை எண்ணியபோது நாணம் உண்டாயிற்று. தமிழராகிய நாமே அம்மலைக்குச் சென்று, பூவையும் பனியையும் பார்த்து, கூடை சுமந்து நிற்கும் பெண்களைத் தூரத்திலிருந்து படம்பிடித்துத் திரும்புகின்றோம்.

"நாளைக்கு எவ்வளவு பறிக்கவேணும், அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"எங்க தோட்டத்துல பதினெட்டுக் கிலோ பறிச்சாத்தான் முழுப்பேரு, கண்ணு. கொறஞ்சா அரைப்பேருதான். இப்ப மருமக போறா" என்றார் அவர். அரைப்பேர் என்றால் அரைநாட் சம்பளம் என்பதை மகளுக்கு விளக்கினோம். எழும்போது அவர் பேரப்பிள்ளையிடம், "அப்பத்தாவைக் கேட்டு அழாம, இந்தத் தாத்தாகிட்ட திருநீறு வாங்கிக்கோ" என்றார். தந்தையார் அக்குழந்தையின் நெற்றியில் நீறு பூசினார்.

அன்று ஹக்கலைப் பூங்காவில் ஒரு மணி நேரம் மட்டுமே நடந்தோம். ஹோட்டன் சமவெளி, நீர்வீழ்ச்சிகள், தேயிலைத் தொழிற்சாலை ஆகிய எதனையும் காணவில்லை. எவருக்கும் குறை இருக்கவில்லை.

புறப்படுவோர்க்குச் சில குறிப்புகள்

சனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்கள் ஓரளவு மழை குறைந்தவை, கூட்டமுங் குறைவு. ஆனால் விடியற்புறத்திற் புல்லின்மேற் பனி உறையுமளவுக்குக் குளிர் உண்டு. முதியோர்க்கும் குழந்தைகட்கும் குளிர்ச்சட்டை, காலுறை, காதை மூடும் துணி ஆகியன இன்றியமையாதன. மே முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. ஏப்பிரலிற் செல்ல விரும்புவோர் விடுதியை முன்கூட்டியே ஒழுங்கு செய்வதோடு, வீதி நெரிசலையுங் கணக்கிற் கொள்ளுக.

கொழும்பிலிருந்து செல்வோர்க்கு 1885இல் நானுஓயாவரை அமைக்கப்பட்ட புகையிரதப் பாதையே இனிய வழி. நானுஓயாவிலிருந்து நகரம் சுமார் 8 கிலோமீற்றர். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டிற் பாரிய மண்சரிவுகள் நிகழ்ந்தன. பல உயிர்கள் மடிந்தன. வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சேதமுற்றன. ஆகவே புறப்படுமுன் பாதையின் நிலையை விசாரித்தறிதல் வேண்டும். பெருமழை அறிவித்தல் இருப்பின் பயணத்தை ஒத்திவைத்தலே அறிவுடைமை. அந்த மலைச்சரிவுகளில் நாம் இரண்டு நாட்கள் தங்குகின்றோம். அங்கு வாழ்வோர்க்கு வேறு இடமில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

மாணவர்கள் தம் பெற்றோருக்கு ஓர் உதவி செய்யலாம். போகுமிடத்தின் வரலாற்றை முன்னரே வாசித்து, வண்டியில் இருக்கும்போது மற்றவர்களுக்குச் சொல்லலாம். அங்கே வாழ்வோரிடம் மரியாதையாக ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கலாம். நூலில் இல்லாத விடை அவர்களிடம் இருக்கும்.

எம் மகள் அந்தத் தபாற் கந்தோரிற் போட்ட கடிதம், நாம் திரும்பிச் சில நாட்களின்பின் வீட்டுக்கு வந்தது. அப்பப்பாவுக்கு என்றே அவள் முகவரி எழுதியிருந்தாள். சனிக்கிழமை எழுதிய கடிதமாதலால், "நாளைக்குக் காலமை உங்களைத்தான் முதலிற் கூட்டிக்கொண்டு போகப்போகிறோம்" என்று அதில் இருந்தது. தந்தையார் அதனைத் தாயாரின் படத்துக்குக் கீழே வைத்திருக்கின்றார்.

பயணத்திற்குத் திட்டம் வகுக்கும் அன்பர்களே! இடங்களின் பெயரை எழுதுமுன், உடன் வருவோரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் விரும்புவது ஒன்றை எழுதுங்கள். வீட்டில் முதியவர் இருப்பின் அவர் விருப்பத்தை முதல்நாட் காலையிலேயே வையுங்கள். "அடுத்தமுறை பார்ப்போம்" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லவும் விடாதீர்கள்.